பதிவை இரவல் கொடுத்தவன்

கட்டிடக் கொந்தராத்துத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். ஓய்வு பெற்றவர், நிறையக் கட்டியவர், அனுபவத்தைச் சொல்லட்டும் என்று. நிறையக் கட்டியது உண்மைதான். தேற்றாத்தீவிலும் செட்டிபாளையத்திலும் வாவிக்கு அந்தப் பக்கத்திலும் வீடு, மதில், நெல் களஞ்சியம் என்று கட்டினேன். அவை பாட்டுக்கு நிற்கின்றன, அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் பயந்து செத்த ஒரு கட்டிடத்தைப் பற்றி எழுதுகிறேன். இதைக் கூட்டத்தில் வாசித்துக் கைதட்ட வேண்டாம். வீட்டில் தனியே இருந்து வாசியுங்கள்.

முதலில் பதிவைப் பற்றி. அரசாங்க வேலைக்கோ நிறுவன வேலைக்கோ விலை போட வேண்டுமென்றால் கொந்தராத்துக்காரனுக்குப் பதிவு வேண்டும், அதிலும் அந்த வேலைக்கு ஏற்ற தரம் வேண்டும். செய்து முடித்த ஒவ்வொரு வேலைக்கும் கடிதம் வாங்கி, வங்கிக் கணக்கைக் காட்டி, கட்டணம் கட்டி, கந்தோருக்குக் கந்தோர் ஏறி இறங்கி, வருஷா வருஷம் புதுப்பித்து, ஒரே ஒரு தரம் மேலே ஏற எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. அவ்வளவு பாடுபட்டு வாங்கியதை எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? இரவல் கொடுப்பார்கள். ஏணி கேட்டால் கொடுக்கிறோம், கிடாரம் கேட்டால் கொடுக்கிறோம், கலியாண வீட்டுக்குக் கதிரை கொடுக்கிறோம். அதே கையால் பதிவையும் தூக்கிக் கொடுப்போம். பெயர் ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது. விலைக்குள் ஒரு பங்கு பெயர்க்காரனுக்கு வரும். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டொருவர் செய்துமிருப்பீர்கள்.

என்னிடம் கேட்டு வந்தவன் என் மனைவியின் தம்பி. பெயர் வேண்டாம், மச்சான் என்றே எழுதுகிறேன். நல்ல வேலைக்காரன். இரும்புக் கம்பி வளைப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன். ஆனால் பதிவு எடுக்க வேண்டிய கடிதம் கட்டணம் எதற்கும் அவனுக்குப் பொறுமை கிடையாது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, கிணறும் தென்னையும் அவளுடையது. முப்பது வருஷம் அந்தக் கிணற்றில் குளித்துவிட்டு, அவளுடைய தம்பி வாசலில் வந்து நிற்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பேர மட்டும் தாங்க அத்தான். மத்ததெல்லாம் நான் பாக்கிறன்," என்றான்.

கொடுத்தேன். பங்கும் வாங்கினேன். வாங்கவில்லை என்று எழுதினால் நல்லவன்போல இருக்கும், ஆனால் வாங்கினேன்.

வேலை, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு ஊரில். ஊர்ப் பெயரும் வேண்டாம். தண்ணீர்க் கரைக்குக் கிட்ட இரண்டு தட்டுக் கட்டிடம். கீழே பாலர் பாடசாலை, மேலே ஒரு பெரிய மண்டபம். மாரியில் வெள்ளம் வந்தால் அந்த ஊருக்கு ஏறி நிற்க ஒரு மேடும் கிடையாது. அதனால் ஊர் ஏறி நிற்பதற்கென்றே மேல்மண்டபம். பிரதேச சபையின் கட்டிட அனுமதி ஒழுங்காக எடுத்தோம். வரைபடம் ஒழுங்கு, வாவிக்கு விட வேண்டிய ஒதுக்கு ஒழுங்கு. தாளில் ஒரு குறையும் இல்லை. எல்லாத் தாளிலும் என் பெயர்தான் இருந்தது.

மச்சான் போட்ட விலையை நான் பார்க்கவில்லை. அதுதான் என் முதல் பிழை. ஆற்று மணலின் பழைய விலையை வைத்து அவன் கணக்குப் போட்டிருந்தான். வேலை தொடங்கும் நேரம் பார்த்து ஆற்றில் மண் அள்ளும் பெர்மிற்றுகளை நிறுத்தி வைத்தார்கள். பெர்மிற் உள்ளவனிடம் ஒரு லோட் மண் இரண்டு மடங்கு விலைக்குப் போனது. நியாயமாக அவன் என்னிடம் வந்து, அத்தான் விலை கட்டாது, வேலையை விடுவோம் என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெயர் கொடுத்தவன் வேலைத்தலத்துக்குப் போகக்கூடாது என்பது இந்த இரவல் வியாபாரத்தின் மரியாதை. போனால் நம்பவில்லை என்று அர்த்தமாம்.

மேல்தட்டுக்குக் கொங்கிறீட் போடும் நாளில்தான் போனேன். அது எங்களுக்கு ஒரு சின்னக் கலியாணம் மாதிரி. ஆட்கள் நாற்பது பேர், மிக்சர், ஆட்டிறைச்சிக் கறி, உடைத்த தேங்காய். பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், ரி.ஓ. என்று நாங்கள் சொல்லும் ஆள், கம்பியையெல்லாம் அளந்து பார்த்துத் திருப்திப்பட்டு நின்றார். முன்னால் குவித்திருந்த மண் அருமையான ஆற்று மண். எனக்கு மனம் குளிர்ந்தது. வெற்றிலை துப்பக் கட்டிடத்துக்குப் பின்னால் போனேன். அங்கே ஓலையால் மூடி இன்னொரு குவியல் கிடந்தது.

மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். ஓலையைத் தூக்கி ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்தேன். உப்பு. கையில் சின்னச் சின்னச் சிப்பித் தூள் மினுங்கியது. மச்சானைக் கூப்பிட்டேன்.

"இது எங்கால மண்?"

"அது பூச்சுக்கு அத்தான்."

"தூணுக்கு எந்த மண் போட்ட?"

அவன் மிக்சர் பக்கம் திரும்பிப் பார்த்தான். கீழ்த்தட்டுத் தூண்கள் எட்டும் அப்போது ஏற்கெனவே எழும்பி நின்றன. அவற்றின் மேல்தான் இன்றைக்குத் தட்டு இருக்கப் போகிறது.

"கழுவித்தான் போட்டன்," என்றான்.

"எதில கழுவின?"

"வாவித் தண்ணியில. நல்ல தண்ணிதானே."

இந்தப் பிழையை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் விடமாட்டார்கள். மாரியில் மழைத் தண்ணீர் இறங்கி வாவி இனிக்கும், மாடுகள் குடிக்கும், நாங்களும் அதில் குளித்து வளர்ந்தவர்கள். அதனால் வாவித் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது எங்கள் மண்டையில் ஏறிவிட்ட ஒன்று. அது மாரிக்குத்தான் சரி, கோடையில் கடல் தண்ணீர் ஏறி வாவி கரிக்கும். அவன் தூண் போட்டது ஆடி மாதம். நான் நேரே கரைக்கு நடந்து போய் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கடல் மண்ணை உப்புத் தண்ணீரில் கழுவியிருக்கிறான். உப்பு கொங்கிறீட்டுக்குள் போனால் கம்பியைத் தின்னும். இன்றைக்கு நாளைக்கு அல்ல, மெல்ல மெல்ல. வெளியே வெள்ளை அடித்து அழகாக நிற்கும், உள்ளே தின்றுகொண்டிருக்கும்.

"ஐயா, தொடங்குவமா?" என்று ரி.ஓ. கூப்பிட்டார். அவர் மேல் பிழை இல்லை. கம்பியை அளக்கலாம், உப்பை எந்த அளவுகோலால் அளப்பது?

நாற்பது பேர் என் வாயைப் பார்த்தார்கள். மச்சானும் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. நிற்பாட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் எட்டுத் தூணையும் உடைக்க வேண்டும், என் பதிவு போகும், அவன் தெருவுக்கு வருவான், வீட்டுக்குப் போய் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்குள் நினைத்தேன். பாலர் பாடசாலைப் பிள்ளைகளை நினைக்கவில்லை. அவர்கள் பக்கத்துத் தகரக் கொட்டிலுக்குள் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள், காதில் விழுந்தது, ஆனாலும் நினைக்கவில்லை.

"ஓம், தொடங்குங்க," என்றேன்.

வேலை முடிந்தது. முடிந்ததற்கான தாளில் கையெழுத்து வைத்தேன். திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புழுக்கத்தில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க எனக்கு மட்டும் குளிர்ந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வந்த பயத்தை எழுத்தில் சொல்ல முடியுமா தெரியவில்லை. சோறு தின்னும்போது வரும். கோயிலில் கை கூப்பும்போது வரும். யாராவது வாசலில் வந்து கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால், கட்டிடம் விழுந்துவிட்டது, சொல்ல வந்திருக்கிறார்கள் என்று எழும்பி ஓடுவேன். மாதம் ஒரு தடவை மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடந்து போவேன். பாதை என்றால் ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு போகும் எங்கள் மிதவை. போய்த் தூண்களைச் சுற்றிச் சுற்றி வருவேன். தடவிப் பார்ப்பேன், விரலால் தட்டிப் பார்ப்பேன். பாலர் பாடசாலை ரீச்சர் முப்பது வயதுப் பெண், அந்த ஊரில் பிறந்தவர். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவார்.

"எத்தினையோ கொந்தராத்துக்காரரப் பாத்திருக்கன் ஐயா. கட்டி முடிச்ச பொறகும் வந்து பாக்கிற ஆள் நீங்க மட்டுந்தான்," என்று ஒருநாள் சொன்னார்.

அந்தத் தேத்தண்ணியை நான் குடித்தேன். எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள்.

நாலாம் வருஷம் கண்டேன். வாவிப் பக்கத்து மூலைத் தூணில், நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில், தலைமயிர் மாதிரி ஒரு வெடிப்பு. அதன் ஓரத்தில் மண்ணிறக் கசிவு. உள்ளே கம்பி ஊதத் தொடங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துப் போய், சீமெந்துக் குழம்பு குழைத்து நானே அதைப் பூசினேன், மேலே வெள்ளையும் அடித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான வேலை அதுதான். ஓம் சொன்ன அன்றைக்காவது யோசிக்க நேரம் இருக்கவில்லை. இதற்கு நேரம் இருந்தது. சீமெந்து வாங்கக் கடைக்குப் போனேன், தூரிகை வாங்கினேன், பாதைக்காகக் காத்து நின்றேன். திரும்பிப் போக எத்தனையோ இடம் இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம், வெடிப்புக் கிளம்பக் கிளம்பப் பூசினேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. அனுமதி இழுபடுகிறது, கட்டணம் கூடிவிட்டது, மண் விலை ஏறிவிட்டது என்று நீங்கள் பொருமுவதெல்லாம் நியாயம். நானும் பொருமியவன்தான். விலை கட்டாவிட்டால் நேரே போய்ச் சொல்லுங்கள். கட்டிய வைப்புப் பணம் போகும், கெட்ட பெயர் வரும், ஒரு வருஷம் சும்மா இருக்க வேண்டிவரும். இருங்கள். சும்மா இருந்து செத்த கொந்தராத்துக்காரன் கிடையாது. பதிவை மட்டும் கையை விட்டு விடாதீர்கள். பெயர் போகிற இடத்துக்குக் கூடவே நீங்களும் போங்கள்.

ஆறாம் வருஷம் மார்கழியில் மழை விடாமல் பெய்தது. மேலே குளத்தின் வான்கதவுகளைத் திறக்கப் போகிறார்கள் என்று காலையில் வானொலியில் சொன்னார்கள். எட்டு மணியிருக்கும், மனைவி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், மச்சானும் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தான். கைபேசி அடித்தது. ரீச்சர்.

"ஐயா, இஞ்ச தண்ணி முழங்காலுக்கு வந்திற்று. ஊர்ச்சனத்த மேல ஏத்தச் சொல்லிறாங்க. மண்டபக் கதவுத் திறப்பு என்னட்டத்தான் இரிக்கி. ஏத்தத் தொடங்கிற்றம். கட்டினவர் நீங்கதானே, ஒருக்காக் கேப்பம் எண்டு எடுத்தன். மேல எத்தின பேர் ஏறலாம்?"

ஏறவேண்டாம் என்றால் வெளியே வெள்ளம். ஏறு என்றால் கீழே அந்தத் தூண்கள். முந்நூறு பேர் வரைக்கும் ஏறுவார்கள். ஆறு வருஷத்தில் அந்த மண்டபத்தில் அவ்வளவு பேர் ஒருநாளும் நின்றதில்லை. மச்சான் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், நிக்கும். ஒரு நாள்தானே, நிக்கும்," என்று மெதுவாகச் சொன்னான். நிற்கும் என்று நம்ப எனக்கும் ஆசையாக இருந்தது. கடவுளே, எவ்வளவு ஆசையாக இருந்தது.

"ஐயா, கேக்குதா?"

"எத்தின பேர் ஏறிற்றாங்க?" என்று கேட்டேன்.

"நாப்பது பேர் வரும். முதல்ல வயசு போன ஆக்களையும் பிள்ளையளையும் ஏத்தினம்."

"இறக்குங்க."

"என்ன?"

"எல்லாரையும் இறக்குங்க ரீச்சர். ஓட உடாதீங்க, ரெண்டு ரெண்டு பேரா இறக்குங்க. கீழ வகுப்புக்குள்ளயும் ஒருத்தரும் நிக்கப்படா. தூண் பழுது."

மழைச் சத்தமும் பிள்ளைகள் அழுகிற சத்தமும் மட்டும் கேட்டன. பிறகு அவர், "அப்ப நாங்க எங்க போற?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதிலை ஆறு வருஷத்துக்குள் நான் தேடி வைத்திருக்க வேண்டும். வயல் வட்டைக்கு அப்பால், ஒரு மைல் தூரத்தில், கற்பாறை மேல் கட்டிய பழைய பள்ளிக்கூடம் ஒன்று ஞாபகம் வந்தது. முழங்கால் தண்ணீர் என்றால் உழவு மெசின் ஆட்களை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடும். இடுப்புக்கு வந்தால் ஓடாது. கதவு திறந்த தண்ணீர் வந்து சேர ஒரு மணித்தியாலமோ ஒன்றரையோ. "ஊரில இரிக்கிற மெசின் எல்லாத்தையும் பெட்டியோட எடுங்க, இப்பவே வெளிக்கிடுங்க," என்றேன். பிறகு பிரதேச சபைக்கு எடுத்தேன், கிராம உத்தியோகத்தருக்கு எடுத்தேன். ஒவ்வொருவருக்கும் அதே சொல்: நான் கட்டிய தூண் பழுது, எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை சொல்லும்போது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள். ரொட்டி கருகிய மணம் வீடு முழுக்க.

அந்த மூன்று மணித்தியாலத்தில் நான் எத்தனை தடவை செத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கட்டிடம் விழும் என்ற பயம் போய், ஆட்களைக் கொண்டுபோன மெசின் வட்டைக்குள் கவிழுமோ என்ற பயம் வந்தது. கவிழ்ந்தால் அதுவும் என் கையால் செய்த கொலை. பதினொரு மணிக்குப் பிறகுதான் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கடைசிப் பெட்டியில் வந்தவர்களுக்குத் தண்ணீர் இடுப்புக்கு மேல் நின்றதாம். நான் நிலத்தில் இருந்து அழுதேன். மச்சான் எழும்பிப் போய்விட்டான்.

கட்டிடம் விழவில்லை. வெள்ளம் வடியும்வரை சும்மா நின்றது. ஊரில் சிலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், பைத்தியக்காரன் எங்களை வெள்ளத்துக்குள் ஓட்டினான் என்றார்கள். பிறகு பொறியியலாளர்கள் வந்து மூலைத் தூணின் பூச்சை உடைத்தார்கள். என் பெருவிரல் தடிப்பில் இருக்க வேண்டிய கம்பி பென்சில் தடிப்பில் இருந்தது, தொட்டால் தகடு தகடாக உதிர்ந்தது. எட்டில் ஐந்து தூண் அப்படி. முந்நூறு பேர் ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. சிரித்தவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

என் பதிவை நிரந்தரமாக நிறுத்தினார்கள். நீங்கள் ஓய்வு என்று மரியாதையாகச் சொல்கிறீர்களே, அது இதுதான். வழக்கு இன்னும் நடக்கிறது. மச்சான் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். "உப்புத் திண்டவன் தண்ணி குடிக்கத்தான் வேணும்," என்று மனைவி ஒரே ஒரு தடவை சொன்னாள். என்னைச் சொன்னாளா தம்பியைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

கட்டிடத்தை உடைக்கத் தொடங்கிய நாளில் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. ரீச்சர் தகரக் கொட்டிலுக்குள் பிள்ளைகளை இருத்திவிட்டு வெளியே வந்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்து வந்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"எப்ப தெரியும் ஐயா?"

"தட்டுப் போட முந்தியே தெரியும்."

அவர் தலையை ஆட்டினார்.

"நான் ஒண்டு மட்டும் கேக்கிறன். அண்டைக்கு நான் உங்களுக்குப் போன் எடுத்திருக்காட்டி, நீங்களா எடுத்துச் சொல்லியிருப்பீங்களா?"

ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன். ஆறு வருஷம் அவருக்குப் பொய் சொல்லிப் பழகிய வாய், சுலபமாகத்தான் திறந்தது. அன்று காலை வானொலிச் செய்தியை அவர் எடுப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பே நான் கேட்டிருந்தேன். கைபேசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் ரொட்டிக்காகக் காத்திருந்தேன்.

"தெரியா ரீச்சர்," என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். எனக்கு இன்றைக்கும் தெரியாது.